ஒரு கப் என்பது எத்தனை கிராம்?

சிஞ்ச்வட், புனே
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பட்டு மன்னிக்கு,

நமஸ்காரம். நானும் சந்துருவும் சௌக்கியம். அண்ணாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? மாடி ஏறாதே என்று டாக்டர் சொன்னதைக் கேட்கிறாரா, இல்லை வழக்கம்போல டாக்டருக்கே புத்தி சொல்லிவிட்டு வந்தாரா?

கேக் விஷயமெல்லாம் போனில் வேண்டாம், எழுதிக் கேள், நிதானமாக அளந்து பார்த்துப் பதில் போடுகிறேன் என்றீர்கள். அதனால் எழுதுகிறேன். பிளஸ் டூவுக்கு அப்புறம் தமிழில் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் அண்ணாவிடம் காட்டாதீர்கள்.

கம்பெனியில் எங்கள் பிரிவையே வேறு ஊருக்கு மாற்றிவிட்டது உங்களுக்குத் தெரியும். இருபத்தொரு வருடம் பிரேக் பாகங்களை அளந்து பார்த்து, தேறும், தேறாது என்று சீட்டு ஒட்டியவள் இப்போது வீட்டில் பருப்பு டப்பாவை அளந்துகொண்டிருக்கிறேன். இப்படியே உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. உங்கள் முட்டையில்லாத ஆரஞ்சு கேக்கைச் செய்து விற்பது என்று தீர்மானித்துவிட்டேன். ஸ்டேஷன் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் ராஜஸ்ரீ தினமும் பன்னிரண்டு கேக் எடுத்துக்கொள்ளத் தயார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். “ரோஜ் ஏக்ஸார்க்கா பாஹிஜே,” என்றாள். தினமும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். மூன்று தடவை கொண்டுவந்து காட்டு, மூன்றும் ஒன்றுபோல இருந்தால் நிரந்தரம். ஜனவரி கடைசி வரை பார்ப்பாள், அதற்குப் பிறகு வேறு ஆள்.

பன்னிரண்டு கேக்குக்குக் கப்பால் அளந்து கட்டுப்படியாகாது, கிராமில் வேண்டும். நெட்டில் ஒரு கப் 240 என்று போட்டிருந்தது. எல்லாவற்றையும் கப்புக்கு 240 கிராம் போட்டுச் செய்தேன். வெளியே வந்தது செங்கல். ஓவன் சரியில்லை என்று நினைக்கிறேன். சந்துரு ஒரு துண்டைத் தின்றுவிட்டு, “நன்னா இருக்கு, தண்ணி குடு,” என்றார்.

ஒரு கப் என்பது உங்கள் கணக்கில் எத்தனை கிராம்?

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
அகல்யா


வடவள்ளி, கோயம்புத்தூர்
22 ஆகஸ்ட் 2024

சௌபாக்கியவதி அகல்யாவுக்கு,

ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் நலம். உன் அண்ணா மாடி ஏறத்தான் செய்கிறார், ஆனால் நான் பார்க்காதபோது.

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். ஓவனைக் குறை சொல்லாதே. 240 என்பது மில்லி, கப்புக்குள் இருக்கிற இடம், அதில் போடுகிற பொருளின் எடை இல்லை. தண்ணீருக்கு இரண்டும் ஒன்றாக வரும். மைதா பஞ்சு மாதிரி, அதே கப்பில் பாதி எடைதான் நிற்கும். சர்க்கரை அதைவிடக் கனம். எண்ணெய் தண்ணீரை விடக் கொஞ்சம் இலேசு. இருபத்தொரு வருஷம் இரும்பை அளந்தவளுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று உன் அண்ணா சிரிக்கிறார். மைதாவை நீ இரண்டு பங்கு போட்டிருக்கிறாய். சந்துருவுக்குப் பல் இருக்கிறதா என்று பார்.

இன்னொன்று. என் கப் 240 கப்பே இல்லை. ரைஸ் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப் அது, 180 என்று அடியில் போட்டிருக்கும். அதில் ஒன்றரை கப் மைதா, முக்கால் கப் சர்க்கரை, ஒரு கப் தயிர், அரை கப் எண்ணெய். பேக்கிங் பவுடர் ஒரு ஸ்பூன், ஆப்ப சோடா அரை ஸ்பூன், ஆரஞ்சுத் தோல் துருவியது. முப்பது வருஷமாக இதுதான். கிராம் எனக்குத் தெரியாது, வீட்டில் தராசும் கிடையாது.

கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே, பேனா சரியில்லை.

பட்டு


சிஞ்ச்வட்
5 செப்டம்பர் 2024

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். இங்கே சௌக்கியம். நாளை மறுநாள் பிள்ளையார் வருகிறார், எங்கள் குடியிருப்பு வாசலில் இப்போதே டோல் மேளம் அடித்துப் பழகுகிறார்கள். காது இருந்தால்தானே மீதிச் சௌக்கியம்.

திட்டியதற்கு நன்றி. சரியான திட்டுதான். வேலையில் ஒருத்தி இப்படிச் செய்திருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

கூரியரில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வரும். இங்கே சரிபார்த்துத்தான் அனுப்பியிருக்கிறேன். ஒரு வேண்டுகோள். நீங்கள் எப்போதும் எடுக்கிற மாதிரியே கப்பில் மைதாவை எடுத்து, தராசில் கொட்டி, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை போதாது, பத்துத் தடவை. தயிரும் அப்படியே. எங்கள் வேலையில் இதுதான் முதல் பாடம். ஒரே ஆள், ஒரே கருவி, ஒரே பொருள், பத்துத் தடவை. ஒரு தடவை அளந்தது செய்தி, பத்துத் தடவை அளந்ததுதான் அளவு என்பார் எங்கள் பழைய மேலதிகாரி.

சிரமத்துக்கு மன்னிக்கவும். உங்களுடைய கை அளவுதான் எனக்கு வேண்டும், நெட்டில் இருப்பது இல்லை.

அகல்யா


வடவள்ளி
25 செப்டம்பர் 2024

சௌ. அகல்யாவுக்கு,

ஆசீர்வாதம். எல்லாரும் நலம். உன் தராசு பத்திரமாக வந்தது. இதை நான் சொல்லச் சொல்ல உன் அண்ணா எழுதுகிறார். கண்ணாடியை மாற்ற வேண்டும், எழுத்து சரியாகத் தெரியவில்லை. அவருக்கும் ரிட்டயர் ஆன பிறகு ஏதாவது வேலை வேண்டாமா?

நீ கேட்டபடி மைதா: 94, 81, 103, 97, 76, 108, 90, 99, 84, 112.

தயிர் சராசரி 168.

போதுமா? பத்துத் தடவை மைதாவைக் கொட்டி அள்ளினதில் சமையலறை கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. நவராத்திரிக்கு இந்த வருஷம் கொலு சின்னதாக வைக்கலாம் என்று இருக்கிறேன், மூன்று படி போதும். எத்தனை பொம்மைதான் எடுத்து வைப்பது.

பட்டு


சிஞ்ச்வட்
4 அக்டோபர் 2024

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். இருவரும் நலம்தானே? கொலுவில் உங்கள் தசாவதார செட்டை எப்படி விட்டீர்கள்? போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் சராசரியை வைத்து, கப்புக்கு மைதா 94, தயிர் 168 என்று போட்டுப் பன்னிரண்டு கேக் செய்தேன். செங்கல் இல்லை. ஆனால் மறுநாளே வறண்டுவிட்டது. ராஜஸ்ரீ பிட்டுப் பார்த்தாள், பொடி உதிர்ந்தது. இதைக் கணக்கில் சேர்க்கவில்லை, போய்த் திரும்பச் செய்துகொண்டு வா என்றாள். நல்ல மனுஷி, ஆனால் நாக்குக் கறார்.

மன்னி, கோபித்துக்கொள்ளாதீர்கள். 76-க்கும் 112-க்கும் நடுவில் ஒரு கேக்கே அடங்கிவிடும். மைதாவை அமுக்கினால் எடை ஏறும், உதிர்த்துப் போட்டால் இறங்கும். அதனால் சலித்து, ஸ்பூனால் கப்பில் போட்டு, கத்தியால் மேலே வழித்துவிட்டு அளந்து பாருங்கள். அதோடு தண்ணீரையும் பத்துத் தடவை. தண்ணீரை அமுக்க முடியாது, அதனால் 180 என்றே காட்டும். அது சரியாக வந்தால் தராசு சரி என்று தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வாருங்களேன், நான் பார்த்துக்கொண்டே எழுதிக்கொள்கிறேன்.

அகல்யா


வடவள்ளி
11 நவம்பர் 2024

சௌ. அகல்யாவுக்கு,

ஆசீர்வாதம். பதில் தாமதம். நவராத்திரி, பிறகு தீபாவளி. வீடியோ எல்லாம் வேண்டாம், அந்தப் போனில் என் மூக்கு மட்டும்தான் தெரிகிறது. உன் அண்ணா எழுதுகிறார்.

மைதா முன் மாதிரியேதான் ஏறி இறங்குகிறது, எழுதிப் பிரயோஜனமில்லை. தண்ணீர்: 171, 158, 176, 149, 168, 173, 155, 162, 177, 151.

தராசு கெட்டுவிட்டது என்று நினைக்கிறேன். கூரியர்காரன் போட்டிருப்பான். நீ நெட்டில் பார்த்தே ஒரு கணக்குப் போட்டுக்கொள். ஊரில் எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்.

தீபாவளிக்குக் கேக் ஆர்டர் எதுவும் எடுக்கவில்லை. ஓவன் ரிப்பேர்.

பட்டு


சிஞ்ச்வட்
19 நவம்பர் 2024

அன்புள்ள வாசு அண்ணாவுக்கு,

நமஸ்காரம். முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறாயா?

இந்தக் கடிதம் உனக்கு மட்டும். மன்னி கோயிலுக்குப் போயிருக்கும்போது அதே கப், அதே தராசு, தண்ணீர். நீ பத்துத் தடவை அளந்து எண்களை மட்டும் எழுதி அனுப்பு. ஏன் என்று கேட்காதே. நீ ஒரு தடவை அளந்துவிட்டுப் பத்து எண்ணைச் சும்மா எழுதுகிற ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருஷம் பேங்கில் கையெழுத்தைச் சரிபார்த்தவன் நீ.

அகல்யா


வடவள்ளி
28 நவம்பர் 2024

சௌ. அகல்யாவுக்கு,

அநேக ஆசீர்வாதம். முழங்கால் தேவலை.

179, 180, 180, 181, 180, 179, 180, 180, 181, 180.

ஓவன் நன்றாகத்தான் இருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

வாசுதேவன்


சிஞ்ச்வட்
5 டிசம்பர் 2024

அன்புள்ள பட்டு மன்னிக்கு,

நமஸ்காரம். இந்தத் தடவை சௌக்கியமா என்று கேட்டால் நீங்கள் நலம் என்றுதான் எழுதுவீர்கள். அதனால் கேட்கவில்லை.

உங்களுடைய பத்து எண்களையும் முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். தராசு கெட்டிருந்தால் சில நேரம் அதிகமாகவும் காட்டியிருக்க வேண்டும். பத்தில் ஒன்றுகூட 180-ஐத் தொடவில்லை. எல்லாமே குறைவு. கப்பில் நிரப்பிய தண்ணீர் கிண்ணத்துக்குப் போவதற்குள் சிந்தியிருக்கிறது. ஒரு தடவை சிந்தினால் கவனக்குறைவு. பத்துத் தடவையும் சிந்தினால் அது கை.

மன்னி, உங்கள் கை எப்போதிலிருந்து நடுங்குகிறது?

பேனா, கண்ணாடி, கொலுப்படி, வீடியோ, ஓவன் எல்லாம் இப்போதுதான் எனக்குப் புரிகிறது. நான் பாட்டுக்குப் பத்துத் தடவை அளந்து காட்டுங்கள், பத்துத் தடவை அளந்து காட்டுங்கள் என்று உங்களுக்குப் பரீட்சை வைத்திருக்கிறேன். நீங்களும் முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் தரையைத் துடைத்துத் துடைத்து அளந்திருக்கிறீர்கள். அதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. கோபமும் வருகிறது. கோபம்தான் அதிகம்.

டாக்டரிடம் போங்கள். அதுவரை எனக்குக் கிராம் வேண்டாம்.

அகல்யா


வடவள்ளி
18 டிசம்பர் 2024

அகல்யாவுக்கு,

நான் உன் கம்பெனியில் செய்த பிரேக் இல்லை, தேறாது என்று சீட்டு ஒட்ட. வயசானால் கை கொஞ்சம் ஆடும். எனக்கு அறுபத்து மூன்று.

கப்புக்கு மைதா 94 வைத்துக்கொள், அது சரியாகத்தான் இருக்கும். தயிரை 185 ஆக்கு. கேக்கைச் செய்து அந்த ராஜஸ்ரீயிடம் கொடுத்துவிட்டு உன் பிழைப்பைப் பார். என் கையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அண்ணாவிடம் ரகசியக் கடிதம் போட்டதும் எனக்குத் தெரியும். கேட்காமலே சொல்லிவிட்டார். அந்த மனுஷனுக்கு ரகசியம் எங்கே தங்கும்.

பட்டு


சிஞ்ச்வட்
26 டிசம்பர் 2024

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். உங்கள் திட்டு வந்தது. திட்டுகிற அளவுக்குத் தெம்பு இருப்பதில் சந்தோஷம்.

94, 185 போட்டுச் செய்து பார்த்தேன். பரவாயில்லாமல் வருகிறது. ஆனால் அது உங்கள் கேக் இல்லை. உங்களுடையது ஈரமாக, விரலால் அழுத்தினால் எழுந்து நிற்கும். நீங்கள் கப் போட்டதும் விட்டுவிடுகிறவர் இல்லை. மாவைக் கரண்டியால் தூக்கிப் பார்ப்பீர்கள், ஒரு கை மைதா, ஒரு கரண்டி தயிர் என்று சேர்ப்பீர்கள். அந்தச் சேர்மானம் எந்தக் கப்பிலும் இல்லை. அது தெரியாமல் நான் ராஜஸ்ரீயிடம் போக மாட்டேன். ஜனவரி கடைசி போனால் போகட்டும். வேறு ஆள் வரட்டும். பரவாயில்லாத கேக்கை உங்கள் கேக் என்று விற்க மாட்டேன். நான் எவ்வளவு பிடிவாதம் என்று உங்கள் கல்யாணத்திலிருந்து பார்க்கிறீர்கள்.

இப்படிச் செய்யுங்கள். கப்பைத் தூக்கிப் பரணில் போடுங்கள். பெரிய கிண்ணத்தைத் தராசின் மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். மைதாவை ஸ்பூன் ஸ்பூனாகப் போடுங்கள். கை ஆடினால் ஆடட்டும். கிண்ணத்துக்குள் விழுந்ததை மட்டும்தான் தராசு எண்ணும், எப்படி விழுந்தது என்று கேட்காது. அதிகமாகிவிட்டால் ஒரு ஸ்பூன் எடுத்துவிடலாம். அடுத்தது தயிர், மறுபடி பூஜ்யம். எந்தப் பாத்திரத்தையும் தூக்கிச் சாய்க்க வேண்டாம். கடைசியில் உங்கள் கண்ணுக்கு மாவு சரி என்று பட்டதும் எத்தனை சேர்த்தீர்கள் என்று அண்ணா எழுதிக்கொள்ளட்டும்.

டாக்டர் விஷயத்தை நான் விடவில்லை. வடவள்ளியிலேயே நரம்பு டாக்டர் இருக்கிறாராம், விசாரித்துவிட்டேன். ஒன்பதாம் தேதி பத்தரை மணிக்கு உங்கள் பெயரில் நேரம் வாங்கியிருக்கிறேன்.

திட்டுவதானால் பத்தாம் தேதி திட்டுங்கள்.

அகல்யா


வடவள்ளி
3 பிப்ரவரி 2025

சௌபாக்கியவதி அகல்யாவுக்கு,

ஆசீர்வாதம். நானே எழுதுகிறேன். எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், நிறுத்திப் படி.

ராஜஸ்ரீ மூன்று தடவையும் பிட்டுப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து பன்னிரண்டு கொண்டு வா என்றாள் என்று நேற்று நீ போனில் சொன்னதை உன் அண்ணா ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும். ஜனவரி முடிய நாள் இல்லையே என்றுதான், கேக் சரியாக வந்த அன்றைக்கே எண்களை மட்டும் உன் அண்ணாவைப் போனில் சொல்லச் சொன்னேன். ஒரு கேக்குக்கு மைதா 146, சர்க்கரை 115, தயிர் 192, எண்ணெய் 82. மற்றதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போன ஆடி மாதம் ஒரு நாள் கேக் டின்னை ஓவனில் வைக்கும்போது கை ஆடி மாவு முழுக்கக் கதவில் கொட்டியது. அன்றைக்கே தெரிந்துவிட்டது. என் அம்மாவுக்கும் இதே நடுக்கம்தான். அம்மா கையிலிருந்து முதலில் காபி டவராவை வாங்கினோம், அப்புறம் கரண்டியை. “நீ உக்காரும்மா, நாங்க பாத்துக்கறோம்,” என்று எல்லாரும் பிரியமாகத்தான் சொன்னோம், நானும்தான். அம்மா பதினோரு வருஷம் உட்கார்ந்தாள். டாக்டரிடம் போனால் எனக்கும் அந்த நாற்காலிதான் என்று பயந்தேன். உன்னிடம் சொன்னாலும் அதுதான் என்று நினைத்தேன். நீ வேலை போன மறுமாதமே ஓவன் வாங்கினவள் என்பதை மறந்துவிட்டேன்.

ஒன்பதாம் தேதி போனோம். நடுக்குவாதம் ஆரம்பம் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்திருக்கிறார். போகாது, ஆனால் கட்டுக்குள் வைக்கலாம் என்றார். வேலை செய்யலாமா என்று கேட்டேன். செய்யாமல் இருக்காதீர்கள் என்றார். வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் ஐந்து நிமிஷம் அழுதேன். உன் அண்ணாவும் அழுதார், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

மறுநாள் நீ எழுதினபடி கிண்ணத்தைத் தராசில் வைத்து ஆரம்பித்தேன். முதல் கேக் கெட்டது. இரண்டாவதும் கெட்டது. மூன்றாவதில் மாவைக் கரண்டியால் தூக்கிப் பார்த்தேன், பழையபடி விழுந்தது. அந்த எண்கள்தான் உனக்கு வந்தவை. சோடாவுக்கு மட்டும் ஸ்பூனை டப்பாவுக்கு மேலேயே வைத்து வழித்தேன், சிந்தினது டப்பாவிலேயே விழுந்தது. முன்பெல்லாம் மாவு கலக்கக் கால் மணி ஆகும், இப்போது ஒரு மணி ஆகிறது. ஆகட்டும்.

எதிர் வீட்டு ஸ்ரீரஞ்சனி தன் பேத்தியின் பிறந்த நாளுக்கு மூன்று கேக் கேட்டிருக்கிறாள். சரி என்று சொல்லிவிட்டேன். இன்று காலையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். மைதாவைப் போடும்போது கை ரொம்ப ஆடியது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் அண்ணா கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள எழுந்து வந்தார்.

நீங்கள் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

உன் பிரியமுள்ள மன்னி,
பட்டு